முதியோர் எழுத்தறிவு வகுப்பு இலவசம், ஊரிலேயே நடக்கிறது. அப்படியும் பெரியவர்கள் ஏன் பெயர் கொடுப்பதில்லை?

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் பெயர் எழுதியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். "அவங்களுக்கு ஆர்வம் இல்ல சார்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, நாம் பெயர் கேட்கும் விதத்திலேயே பாதிப் பேர் கழன்றுகொள்கிறார்கள்.

திண்ணையில் மருமகள், பேரன் என்று எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, நோட்டும் பேனாவுமாகப் போய், "உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டால் யார்தான் தெரியாது என்பார்கள்? ஒரு வீட்டில் மகன் முந்திக்கொண்டு, "எங்கம்மா அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கு" என்றார். அந்த அம்மா வாயே திறக்கவில்லை. அப்புறம் ஒருநாள் ரேஷன் கடையில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "என் பேரையும் எழுதிக்க தம்பி, அவன்கிட்ட சொல்லிராத" என்றார். போன் நம்பர், அடையாள அட்டை என்று விசாரிக்க ஆரம்பித்தால் இன்னொரு பயம்: முதியோர் பென்ஷனை நிறுத்தத்தான் கணக்கெடுக்கிறார்களோ என்று.

அடுத்தது, "எனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே" என்பவர்கள். மகளிர் குழுவுக்காகவும் வங்கிக்காகவும் பெயரை மட்டும் எழுதப் பழகியவர்கள். பஸ் போர்டைப் பக்கத்தில் நிற்பவரிடம்தான் கேட்பார்கள். ஆனால் கைநாட்டு வைப்பதில்லை என்பதால் கணக்கெடுப்பவரும் அவர்களை விட்டுவிடுகிறார், அவர்களும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

கண் விஷயத்தை யாரும் பேசுவதே இல்லை. நாற்பது நாற்பத்தைந்தைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்துவிடும். ஊசியில் நூல் கோக்கவே பேத்தியைக் கூப்பிடும் அக்காவிடம் பாடப்புத்தகத்தை நீட்டினால், கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே எனக்கு எங்க மண்டையில ஏறப்போகுது" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். மண்டையில் ஒரு குறையும் இல்லை. அவருக்கு முதலில் தேவை ஒரு கண்ணாடி.

நேரமும் ஒரு காரணம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்ற ஆண்கள் 86.77 சதவீதம், பெண்கள் 73.44 சதவீதம். அதாவது வகுப்புக்கு வரவேண்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாம் வைக்கும் நேரமோ மாலை ஆறு, ஆறரை. உலை வைக்கிற நேரம், குழாயில் தண்ணீர் வருகிற நேரம். ஆண்களில் பலர் வெளியூர் வேலையில் இருப்பதால் ஊரிலேயே கிடைப்பதில்லை.

இதே மாவட்டத்தில் 1991-92இல் எல்லோருக்கும் எழுத்தறிவு கொடுக்க அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். சைக்கிள் பழகப் போகிறேன் என்று சொல்வதில் யாருக்கும் கூச்சம் இருக்காது. ஊரே திரண்டு போகும்போது யாருக்குப் படிக்கத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று எவர் பார்க்கப் போகிறார்? இன்றைய திட்டத்தில் அந்தத் திருவிழாக் களை இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பட்டியல், அதை நிரப்ப ஒரு கடைசித் தேதி, சம்பளமில்லாத தன்னார்வலர். சரி, அவரும் எவ்வளவுதான் செய்வார்!

எனக்குப் பலன் கொடுத்தது இதுதான்: வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டு, நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார்ந்தேன். படிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. "போன்ல வர்ற கேஸ் சிலிண்டர் மெசேஜை யாருகிட்டக் காட்டிப் படிக்கச் சொல்றீங்க?" என்று கேட்டேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் பேரனைத் திட்டினார். கூட்டாளிகள் இரண்டு பேர் பெயர் கொடுத்ததும் மற்றவர்களும் கொடுத்தார்கள்.

கடைசியில் 150 மதிப்பெண்ணுக்குப் பரீட்சை உண்டு என்று சொன்னதும் சிலர் நழுவிவிட்டார்கள். அதற்கு மட்டும் எனக்கு இன்னும் வழி அகப்படவில்லை.