தனுஷ்கோடிக்கு சைக்கிளில்: கூடாரம் எங்கே போடலாம்?

கேள்வி: ஜனவரி கடைசியில் ஒரு சனி, ஞாயிறு. நண்பர்கள் மூன்று பேர் பரமக்குடியிலிருந்து சைக்கிளில் கிளம்பி, தனுஷ்கோடி கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் திரும்பலாம் என்று இருக்கிறோம். இரண்டு கியர் சைக்கிள், ஒன்று சாதா சைக்கிள். ஞாயிறுதோறும் 40 கிலோமீட்டர் ஓட்டிப் பழக்கம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
- வாசகர், பரமக்குடி

பதில்: முதலில் கூடாரத்தை தனுஷ்கோடியிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே இரவு தங்க அனுமதி இல்லை. சாயங்காலமானால் வெளியாட்கள் எல்லாரையும் போலீஸார் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பரமக்குடியிலிருந்து மூட்டை முடிச்சோடு ஒரே நாளில், தனுஷ்கோடியைத் தாண்டிச் சாலை முடியும் அரிச்சல்முனை வரை என்பது, 40 கிலோமீட்டர் பழகிய காலுக்கு நடக்காத காரியம்.

இப்படிச் செய்யலாம். வெள்ளிக்கிழமை மதியமே சைக்கிள்களைக் குட்டியானையில் ஏற்றி, உச்சிப்புளி தாண்டி அரியமான் கடற்கரைக்கு வந்துவிடுங்கள். கூடாரம் அங்கே இருக்கட்டும். சனிக்கிழமை வெறும் சைக்கிளில் அரிச்சல்முனை போய்த் திரும்பினால் 110 கிலோமீட்டரை ஒட்டி வரும். அதற்கும் முன்னதாக ஒரு ஞாயிறு 60, அடுத்த ஞாயிறு 80 ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அப்படி ஓட்டவில்லை என்றால் பாம்பன் பாலத்தோடு திரும்புங்கள். அதுவே நல்ல சவாரிதான்.

கூடாரம் போடும் முன் ஊராட்சியிலும் உச்சிப்புளி காவல் நிலையத்திலும் சொல்லி அனுமதி வாங்குங்கள். இலங்கைக்கு எதிரே உள்ள கரை என்பதால் ராத்திரியில் ரோந்து வரும், விசாரிப்பார்கள். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். டிரோன் வேண்டவே வேண்டாம், பக்கத்திலேயே கடற்படை விமானதளம் இருக்கிறது. அரியமான் வடக்குப் பார்த்த கரை. ஜனவரியில் வாடைக்காற்று கடலிலிருந்து நேராக அடிக்கும். சவுக்குத் தோப்புக்குப் பின்னால், வாசல் தெற்கே பார்க்கப் போடுங்கள். பனை, தென்னைக்கு அடியில் வேண்டாம், மட்டை விழும். கூடாரத்தோடு வரும் கம்பி முளைகள் மணலில் நிற்காது. ஆளுக்கு நாலு சாக்குப்பை கொண்டுபோய், பாதிக்கு மணல் நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள். எந்தக் காற்றுக்கும் அசையாது.

சனிக்கிழமை காலை 6 மணிக்குப் பின்விளக்கை எரியவிட்டுக் கிளம்புங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். போகும்போது வாடை இடப்பக்கத்திலிருந்து, சற்று முன்னால் சாய்ந்து வரும். திரும்பும்போது அதுவே கொஞ்சம் பின்னாலிருந்து தள்ளும். ஜனவரியைத் தேர்ந்தது நல்லதாயிற்று. ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று இதற்கு நேர்மாறு, களைத்துத் திரும்பும் நேரத்தில் முகத்தில் அறையும்.

பாம்பன் பாலத்தில்தான் அதிக கவனம் தேவை. கைப்பிடியைத் தளர்வாகப் பிடியுங்கள், இறுக்கிப் பிடித்தால் காற்று உலுக்கும்போது வண்டியே திரும்பும். தளங்கள் சேரும் இரும்பு இணைப்புகளை நேர்க்கோட்டில், இருக்கையிலிருந்து லேசாக எழுந்து கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் மெல்லிய டயர் இடுக்கில் இறங்கும். ரயில் பாலத்தைப் படமெடுக்க நடுப்பாலத்தில் கார் நிறுத்துகிறவர்கள் கதவை எப்போது திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு கதவு அகலம் விட்டே ஓட்டுங்கள்.

ராமேஸ்வரத்தில் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். அதில் ஒரு லிட்டரில் ஒரு பாக்கெட் ஓஆர்எஸ் கரைத்தது. வியர்த்த உப்பு உள்ளே போகாமல் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் தலைவலியும் குமட்டலும் வரும். பசிக்கும் முன்னே, முக்கால் மணிக்கு ஒருமுறை கடலைமிட்டாயோ இரண்டு பேரீச்சையோ வாயில் போடுங்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையுள்ள ஒன்பதரை கிலோமீட்டர் சாலை 2017-ல் திறந்தது. சாலை நன்றாகவே இருக்கும், ஆனால் நிழல் கிடையாது. சாலையில் மணல் படிந்த இடத்தில் பிரேக் பிடிக்காமல், திருப்பாமல், மிதித்தபடியே கடந்துவிடுங்கள். பத்து மணிக்குள் சத்திரம் வந்து சேரவில்லை என்றால் அங்கேயே திரும்புங்கள். வேகம் சாதா சைக்கிள்காரர் வேகம்தான். மதியம் ராமேஸ்வரத்தில் படுத்து எழுந்து இரண்டரைக்குக் கிளம்பினால் இருட்டும் முன் கூடாரம்.

இனி பஞ்சர். ராமநாதபுரம் பக்கம் சைக்கிளுக்கு முதல் எதிரி சீமைக் கருவேல முள். சாலையோரம் வண்டியை உருட்டாதீர்கள், தூக்கி வையுங்கள். ஒட்டிய டியூப் அரை மணியில் மறுபடி இறங்குகிறதா? பெரும்பாலும் ஒட்டு சரியாகத்தான் இருக்கும். முள் நுனி முறிந்து டயருக்குள்ளேயே இருக்கும். விரலால் தடவினால் தெரியாது, குத்தவும் செய்யும். பழைய வேட்டித் துணியை டயர் உட்புறம் சுற்றித் தேயுங்கள்; நூல் மாட்டுகிற இடத்தில் முள் இருக்கிறது. முள்வாங்கியால் பிடுங்குங்கள், வெளிப்பக்கமாகத் தள்ள முடிந்தால் இன்னும் நல்லது. டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, ஐந்து நிமிடம் விடுங்கள். தொட்டால் பிசுபிசுப்பு போயிருக்க வேண்டும். அதன் பிறகே ஒட்டு. ஈரத்தோடு ஒட்டினால் மதிய வெயிலில் பெயர்ந்துவிடும். ஆளுக்கு இரண்டு மாற்று டியூப் வேண்டும். கியர் சைக்கிளில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் பித்தளை அடாப்டர் ஒன்றும் வாங்கிவையுங்கள், இல்லாவிட்டால் ஊர் பஞ்சர் கடையில் காற்று பிடிக்க முடியாது. 32 மி.மீ. டயருக்குப் பின்னால் 65, முன்னால் 55 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும்.

திரும்பியதும் குளிக்கும் முன் சைக்கிளைக் கழுவுங்கள். அரை வாளி நல்ல தண்ணீர் ஊற்றி, செயினைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு சைக்கிள் எண்ணெய், பிறகு மேலே வழிந்ததைத் துடையுங்கள். மணலோடு இருக்கும் செயினில் எண்ணெய் விட்டால் அது பல்சக்கரத்தை அரைத்துவிடும். தேங்காய் எண்ணெய் கூடாது, பிசினாகிவிடும். பிரேக் கட்டைகளில் ஒட்டிய மணலைப் பழைய பல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊருக்குப் போய் ஒரு வாரத்துக்குள், சக்கர பேரிங்கைக் கழற்றிப் புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.