திமிங்கலம் பார்க்கப் பணம் கட்டும் முன்

கேள்வி: மகன் கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறான். வரும் பிப்ரவரியில் எங்கள் இருவரையும் ஹவாய்க்கு அழைத்துப் போகிறான். கவாய் தீவில் நா பாலி மலைக் கடற்கரை, திமிங்கலம், ஸ்நோர்கெலிங் (கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி நீந்திக் கடலடியைப் பார்ப்பது) மூன்றும் ஒரே படகுப் பயணத்தில் என்று ஒரு விளம்பரம் அனுப்பியிருக்கிறான். காற்றடைத்த ரப்பர் படகு ஒன்று, இரட்டை அடிப்பாகமுள்ள பெரிய கேட்டமரன் படகு ஒன்று. ரப்பர் படகில் கட்டணம் குறைவு. எனக்கு 66 வயது, இடுப்பு வலி உண்டு. அவருக்கு ரத்தக் கொதிப்பு. எதைப் பதிவு செய்யச் சொல்லட்டும்?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, ரப்பர் படகு உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அது அலைக்கு மேல் ஓடாது, அலையில் தாவித் தாவி விழும். முதுகு, கழுத்து வலி உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் அதில் ஏற்ற மாட்டோம் என்று பெரும்பாலான நிறுவனங்கள் விதிமுறையிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் பணம் கட்டிவிட்டு, படகுத் துறையில் போய் நின்றபின் ஏற்ற மறுத்தால் பணமும் திரும்பாது. பெரும்பாலான ரப்பர் படகுகளில் நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது. நாலைந்து மணி நேரப் பயணத்துக்கு இந்த வயதில் இது சின்ன விஷயம் இல்லை.

சரி, கேட்டமரன் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த விளம்பரத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. நா பாலி, கவாய் தீவின் வடமேற்குக் கரை. செங்குத்தான மலைகள் நேரே கடலுக்குள் இறங்கும் இடம். கார் போகும் சாலை கிடையாது. படகில் போகலாம், ஹெலிகாப்டரில் போகலாம், தெம்பு இருந்தால் நடந்து போகலாம். ஹவாய்க்குக் கூனல் திமிங்கலங்கள் வருவது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. அலாஸ்கா பக்கத்துக் குளிர்ந்த கடலிலிருந்து குட்டி போடுவதற்காக வருகின்றன. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில்தான் அதிகம் தென்படும். ஆனால் அதே மாதங்களில்தான் வடக்குப் பசிபிக்கிலிருந்து பெரிய அலைகள் வந்து தீவின் வடக்கு, வடமேற்குக் கரைகளை அடிக்கும். நா பாலியில் நிம்மதியாகத் தண்ணீரில் இறங்கிப் பவளப்பாறை பார்ப்பதற்குக் கோடைக்காலம்தான் ஏற்றது. அந்த மாதங்களில் திமிங்கலம் இருக்காது.

ஆக, விளம்பரத்தில் சொன்ன மூன்றில் பிப்ரவரியில் திமிங்கலம் அநேகமாகக் கிடைக்கும், மலை கிடைத்தாலும் கிடைக்கும், ஸ்நோர்கெலிங் பெரும்பாலும் கிடைக்காது. விதிமுறையில் 'கடல் நிலையைப் பொறுத்துப் பாதையை மாலுமி மாற்றலாம்' என்று ஒரு வரி இருக்கும். அலை பெரிதாக இருந்தால் வடமேற்கே போகாமல் தெற்குக் கரையோரம் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பயணம் நடந்துவிட்டது என்பதால் பணம் திரும்பாது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அந்தக் கடலில் மாலுமி அப்படித்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் பணம் கட்டும் உங்களுக்கு அது முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

எனவே மகனிடம் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். போன பிப்ரவரியில் எத்தனை நாள் நா பாலி வரை போனீர்கள்? ஸ்நோர்கெலிங் ரத்தானால் கட்டணத்தில் ஏதாவது குறைப்பீர்களா? பதிலை மின்னஞ்சலில் வாங்கச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு நிறுவனம் பார்க்கட்டும்.

திமிங்கலமும் ஸ்நோர்கெலிங்கும் ஒரே பயணத்தில் வேண்டும் என்றால் என் யோசனை ஹவாயின் இன்னொரு தீவான மாவி. மாவிக்கும் லானாய்க்கும் நடுவிலுள்ள கடல் ஆழம் குறைந்தது, தீவுகள் காற்றை மறைக்கும். குட்டியோடு வரும் தாய்த் திமிங்கலங்கள் அங்கே கூடும். மாலாயியா துறைமுகத்திலிருந்து மொலோகினி என்ற பிறைவடிவ எரிமலைத் தீவுக்குக் காலையில் ஸ்நோர்கெலிங் படகுகள் போகின்றன. குளிர்காலத்தில் போகிற வழியிலேயே திமிங்கலம் தென்படுவது சகஜம். காலைப் பயணமாகவே எடுங்கள், மதியம் ஆனால் காற்று எழும்பிவிடும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் காட்டும் கட்டணத்தோடு வரி, எரிபொருள், துறைமுகக் கட்டணம் என்று கடைசிப் பக்கத்தில் ஏறும். அதன்பின் படகு ஊழியர்களுக்கு 15 முதல் 20 சதவீதம் அன்பளிப்பு கொடுப்பது அந்த ஊர் வழக்கம். மொத்தத்தையும் கூட்டிய பிறகுதான் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட வேண்டும். 'திமிங்கலத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோவோம்' என்று சொல்பவரிடம் போகவே வேண்டாம். ஹவாயில் கூனல் திமிங்கலத்தை 100 கஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குள், நெருங்குவது சட்டப்படி குற்றம். இங்கிருந்து சன்ஸ்கிரீன் வாங்கிப் போனால் பாட்டிலின் பின்புறம் பாருங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இரண்டும் பவளத்துக்குக் கெடுதல் என்று 2021 முதல் அங்கே அவற்றின் விற்பனைக்குத் தடை இருக்கிறது. ஜிங்க் ஆக்ஸைடு கலந்ததை வாங்குங்கள்.

உங்கள் கணவரின் ரத்தக் கொதிப்பைப் பயணக் காப்பீட்டு விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பிரீமியத்தில் கொஞ்சம் மிஞ்சும், ஆனால் இழப்பீடு கேட்கும்போது முதலில் அதைத்தான் தோண்டுவார்கள்.

கேள்வி: மே மாதப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு இலங்கை போகத் திட்டம். ஊரில் ஒரு டிராவல்ஸ்காரர் மிரிஸ்ஸ பேக்கேஜ் சொல்கிறார். 'நீலத் திமிங்கலம் நூறு சதவீதம் உத்தரவாதம், ஸ்நோர்கெலிங் இலவசம்' என்று நோட்டீஸ். நம்பலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: மாதத்தைப் பார்த்ததுமே நோட்டீஸை மடித்து வைத்துவிடலாம். மிரிஸ்ஸ இலங்கையின் தென்கரை. அங்கே திமிங்கலப் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மே பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிடும். பருவம் தவறியும் சில படகுகள் ஓடும்; அதில் ஏறி வாந்தி எடுத்துவிட்டு வருவதற்கு இத்தனை செலவு தேவையா?

'நூறு சதவீதம் உத்தரவாதம்' என்றால் என்ன தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வழக்கமாக, திமிங்கலம் தென்படாவிட்டால் மறுநாள் இலவசமாக இன்னொரு முறை ஏற்றுவார்கள், அவ்வளவுதான். மறுநாள் காலை உங்களுக்குக் கண்டியில் ஹோட்டல் பதிவாகியிருந்தால் அந்த இலவசத்தை என்ன செய்வீர்கள்? கடலில் திரியும் விலங்குக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. தருகிறேன் என்பவர் அந்த மறுபயணச் சீட்டின் செலவையும் சேர்த்துத்தான் விலை போட்டிருப்பார்.

மே மாதம்தான் முடியும் என்றால் கிழக்கே திரும்புங்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் இலங்கையின் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். திருகோணமலையில் கரையை ஒட்டியே கடல் மிக ஆழம், அதனால்தான் திமிங்கலங்கள் கரைக்குப் பக்கத்திலேயே வருகின்றன. மிரிஸ்ஸ அளவுக்கு அடிக்கடி தென்படும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறது. 2003 முதல் தேசியப் பூங்கா. படகில் ஏறினால் சிறிது நேரத்தில் பவளப்பாறை. மேல்துடுப்பில் கறுப்பு நுனியுள்ள சிறிய சுறாக்களும் வரும், பயப்பட வேண்டியதில்லை. ஹவாயில் ஒன்றோடொன்று மோதும் திமிங்கலப் பருவமும் ஸ்நோர்கெலிங் பருவமும் இங்கே ஒரே மாதத்தில் கூடிவருகின்றன. தமிழ் பேசிக் காரியம் நடத்தலாம். சம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் கடல்மேல் நிற்கும் பாறை முனையில் இருக்கிறது. அந்த முனையிலிருந்தே சில நாள் திமிங்கலம் மூச்சு விடுவது தெரியும். அதற்குக் காசு கிடையாது.

புறாத்தீவில் செலவு இரண்டு பகுதி. படகுக்காரருக்குக் கொடுப்பது ஒன்று, வனவிலங்குத் துறையின் நுழைவுச் சீட்டு ஒன்று. வெளிநாட்டவருக்கு நுழைவுச் சீட்டின் விலை உள்ளூர்க்காரருக்கு இருப்பதைவிட மிக அதிகம். பேக்கேஜில் 'ஸ்நோர்கெலிங் இலவசம்' என்றால் பெரும்பாலும் கண்ணாடியும் குழாயும் மட்டும்தான் இலவசம். சீட்டு யார் கட்டுவது என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கொழும்புக்கு விமானம் உண்டு. உங்களால் விமானமும் ஹோட்டலும் தனித்தனியாகப் பதிவு செய்ய முடியும் என்றால் படகை மட்டும் அங்கே போய், முந்தின நாள் கடலைப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. பேக்கேஜாகத்தான் வாங்குவேன் என்றால், பில்லில் டிசிஎஸ் என்று ஒரு தொகை ஏறும். அது டிராவல்ஸ்காரரின் லாபம் அல்ல. உங்கள் பான் எண்ணில் வரவாகும் வரி. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். அதைத் தனியாகக் காட்டாத பில்லை வாங்காதீர்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு ஒரு டிராவல்ஸ் மூலம் வெளிநாட்டில் திமிங்கலப் படகுக்கு முழுப் பணமும் யுபிஐயில் கட்டினோம். பயண நாளன்று காற்று அதிகம் என்று படகையே விடவில்லை. திரும்பி வந்து கேட்டால், 'படகு எங்களுடையது இல்லை, ரசீதில் பணம் திரும்பாது என்று போட்டிருக்கிறோமே' என்கிறார்கள்.
- வாசகர், தேவகோட்டை

பதில்: நீங்கள் போகாமல் இருந்தது வேறு, அவர்கள் படகு விடாமல் இருந்தது வேறு. காலையில் எழ முடியவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் 'பணம் திரும்பாது' என்ற வரி பெரும்பாலும் செல்லும். சேவையே நடக்காதபோது அந்த வரியைக் காட்டி முழுப் பணத்தையும் வைத்துக்கொள்வது நியாயம் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறைபாடுள்ள சேவைக்குரிய பணத்தை ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிகம்.

படகு யாருடையது என்பது அவர்களுக்கும் படகுக்காரருக்கும் உள்ள கணக்கு. பணம் யார் கணக்குக்குப் போனது, ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் டிராவல்ஸ் பெயரில் இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. முதலில் படகு ரத்தானதற்கான செய்தியை எடுத்து வையுங்கள். அன்று அங்கிருந்து வந்த வாட்ஸ்அப் போதும். அப்புறம் தேதி போட்டு, தொகை எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பல சின்னத் தகராறுகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டிராவல்ஸின் தலைமை அலுவலகம் சென்னையில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், உங்களுக்குச் சிவகங்கை. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சென்ற ஆண்டு என்கிறீர்கள், தேதியைப் பாருங்கள்.

அடுத்த முறை முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கிடைக்காத சேவைக்கு வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. யுபிஐயில் அனுப்பிய பணத்தை அப்படி மீட்பது கஷ்டம்.

கேள்வி: முகம் முழுவதையும் மூடும் ஸ்நோர்கெல் மாஸ்க் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? ஊருணியில் நீந்திப் பழகியவன், கண்ணாடி போடுபவன்.
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: வேண்டாம். முழுமுக மாஸ்க்கில் நாம் விட்ட மூச்சுக்காற்று சரியாக வெளியேறாவிட்டால் அதையே திரும்ப இழுப்போம். மலிவுச் சரக்கில் இந்த ஆபத்து கூடுதல். தண்ணீர் புகுந்தால் வாயிலிருந்து குழாயைத் துப்புவதுபோல் அதைச் சட்டென்று கழற்றவும் முடியாது. கண்ணையும் மூக்கையும் மூடும் சாதாரண மாஸ்க்கும் தனிக் குழாயும் போதும். மூக்குக்கண்ணாடி போட்டு அதன்மேல் மாஸ்க் போட்டால் ஓரத்தில் தண்ணீர் கசியும். பவர் உள்ள மாஸ்க் தனியாகக் கிடைக்கிறது. சில படகு நிறுவனங்களே வாடகைக்கு வைத்திருக்கும், பதிவு செய்யும்போது பவரைச் சொல்லிக் கேளுங்கள். ஊருணியில் நீரோட்டம் கிடையாது. கடலில் லைஃப் ஜாக்கெட்டோடு இறங்குங்கள்.

கேள்வி: கடல் குமட்டலுக்கு மாத்திரை எப்போது போட வேண்டும்?
- வாசகி, காரைக்குடி

பதில்: ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே. குமட்டல் தொடங்கிய பின் போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள் இவை; வேறு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

கேள்வி: இவ்வளவு தூரம் போகாமல் நம் பக்கம் தொண்டி, ராமேஸ்வரம் கடலில் திமிங்கலம் காட்டுவார்களா?
- கல்லூரி மாணவர், தேவகோட்டை

பதில்: காட்டுவதாக யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், திமிங்கலத்துக்கு ஏற்றதல்ல. அங்கே இருப்பது கடற்பசு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். அதற்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே முதல் கடற்பசுக் காப்பகம் இது. மிகக் கூச்சமான விலங்கு, படகில் துரத்திப் பார்க்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன; வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கினால் படகுக்காரரோடு நீங்களும் மாட்டுவீர்கள். மீன்பிடிப் படகில் ஆளேற்றிப் போவதற்குப் பயணிகள் உரிமமோ காப்பீடோ இருக்காது.

படகில் போக ஆசை என்றால் தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறை சூழல் சுற்றுலாப் படகு அலையாத்திக் காட்டுக்குள் போகிறது. காலையில் போங்கள், பறவைகள் இருக்கும். ரசீதைக் கையில் வாங்கி, லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி மாட்டுகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.