விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கலாமா? பேய், மர்மம், மாயாஜாலம்: கேள்வி பதில்

பேய்ப்படம், கொலை மர்மம், மாயாஜாலம், விண்கலம் என்று கலந்துகட்டிக் கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே சொல்கிறேன். எல்லாமே வீட்டு டி.வி.யில், நடுவில் குக்கர் விசில் கேட்டுக்கொண்டே பார்த்தவனின் கருத்து. தியேட்டரில் விசில் பறந்ததா என்பது இங்கே கணக்கில் இல்லை. கொலையாளி யார் என்று எங்கேயும் சொல்லவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

சேலத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, கறுப்பு வெள்ளையில் மர்மப்படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்? பாட்டு வந்தால் ஓட்டிவிடுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஓட்டுவதற்குப் பாட்டே இல்லாத படம் இருக்கிறது தம்பி. 'அந்த நாள்', 1954. ஏவி.எம். தயாரிப்பு, இயக்கம் வீணை எஸ். பாலசந்தர். பாட்டும் நடனமும் இல்லாமல் தமிழ்ப்படமே கிடையாது என்றிருந்த காலத்தில் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு எடுத்தார். 1943இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட நாட்களில் கதை நடக்கிறது. ரேடியோ இன்ஜினியர் ஒருவர் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறார். அவர்தான் சிவாஜி! படம் தொடங்கும்போதே நாயகன் பிணம். அதற்குப்பின் மனைவி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு அந்த மனிதரைப் பற்றி ஒரு கதை சொல்ல, ஜாவர் சீதாராமன் நடிக்கும் சி.ஐ.டி. அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போகிறார். திரைக்கதை எழுதியவரும் அவர்தான்.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமோன்' படத்தின் காப்பி என்று ஒரு பேச்சு உண்டு. பலர் பலவிதமாகச் சொல்வது என்ற உத்தி அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் அந்தப் படம் உண்மை எது என்று கடைசிவரை நம்மைத் தவிக்க விடும். 'அந்த நாள்' முறையாக விசாரித்து விடையைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கும். எனக்கு அது குறையாகப் படவில்லை. பண்டரிபாயின் முகத்தை மட்டும் விடாமல் கவனியுங்கள்.

அதே தம்பி, மறுநாள்: பார்த்துவிட்டேன் அண்ணா! ஆனால் சிவாஜி ஏன் அவ்வளவு குண்டாக இருக்கிறார்? இதேபோல் இன்னும் இருக்கிறதா?

சிவாஜி குண்டாக இல்லை, உங்கள் டி.வி. அவரை இழுத்து வைத்திருக்கிறது. அந்தக் காலத்துப் படங்கள் கிட்டத்தட்ட 4:3 அளவில் (அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு) எடுக்கப்பட்டவை. இன்றைய டி.வி. அதைவிட அகலமான 16:9. 'ஸ்ட்ரெச்' என்ற வசதி போட்டிருந்தால் ஆளைப் பக்கவாட்டில் இழுத்துத் திரையை நிரப்பும். ரிமோட்டில் படத்தின் அளவை 'ஒரிஜினல்' அல்லது 4:3 என்று மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அதுதான் சரி. காசு கொடுத்து வாங்கிய டி.வி.யில் பாதி வீணாகிறது என்று வீட்டில் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பாலசந்தரிடமே இன்னும் இரண்டு இருக்கின்றன. 'பொம்மை' (1964) படத்தில் முதலாளியைக் கொல்ல ஒரு பொம்மைக்குள் குண்டு வைக்கிறார்கள். அது கைமாறி ஊரெல்லாம் சுற்றுகிறது. எப்போது வெடிக்கும் என்று நமக்குத் தெரியும், பொம்மையை வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது. பதற்றம் என்றால் இதுதான். யேசுதாஸ் தமிழுக்கு அறிமுகமான 'நீயும் பொம்மை நானும் பொம்மை' இதில்தான் வருகிறது, அதையும் ஓட்டிவிட்டால் உங்களோடு பேச்சில்லை. பெயர்ப் பட்டியலுக்குப் பதிலாகப் படம் முடிந்தபின் பாலசந்தரே வந்து எல்லோரையும் அறிமுகப்படுத்துவார், சீக்கிரம் அணைத்துவிடாதீர்கள்.

அடுத்தது 'நடு இரவில்', 1970இல் வெளியானது. தீவில் ஒரு பங்களா, சொத்துக்காக வந்து சேர்ந்த சொந்தக்காரர்கள், ஒவ்வொருவராகக் கொலை. அகதா கிறிஸ்டி படித்தவர்களுக்கு வாசனை தெரியும். மூன்றில் இதுதான் கொஞ்சம் இழுவை. ஆனாலும் மழை பெய்யும் ராத்திரிக்கு இதைவிடப் பொருத்தமான படம் தமிழில் குறைவு.

கோவை, இரண்டு குழந்தைகளின் அம்மா: பிள்ளைகள் தூங்கியபிறகுதான் எனக்கு டி.வி. சத்தம் குறைத்தால் வசனம் கேட்கவில்லை, கூட்டினால் பேய் வரும்போது வீடே எழுந்துவிடுகிறது. சத்தமில்லாமல் பயமுறுத்தும் படம் சொல்லுங்கள்.

முதலில் டி.வி.யைச் சரிசெய்வோம் அம்மா. புதுப்படங்களின் ஒலி பல ஸ்பீக்கர்களுக்காகக் கலக்கப்பட்டது. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். உங்கள் டி.வி.யில் இருப்பதோ இரண்டு சின்ன ஸ்பீக்கர், எல்லாவற்றையும் அதிலேயே திணித்தால் வசனம் அமுங்கித்தான் போகும். ஓ.டி.டி.யில் ஆடியோ தேர்வு இருந்தால் பல ஸ்பீக்கருக்கான 5.1 வேண்டாம், இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோ எடுங்கள். டி.வி. ஒலி அமைப்பில் 'இரவு' அல்லது 'குரல் தெளிவு' மாதிரி ஏதாவது இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பேயின் தொண்டை கொஞ்சம் அடங்கும்.

இனி படம். சத்தத்தைக் குறைத்ததும் பாதிப் பேய்ப்படங்கள் செத்துவிடும். கதவு திறக்கும், டமார் என்று ஒரு சத்தம், பார்த்தால் பூனை. இதை வைத்தே இரண்டு மணி நேரம் ஓட்டியிருப்பார்கள். அதில் சேராதது 'யாவரும் நலம்' (2009). விக்ரம் குமார் இயக்கம், மாதவன், பி.சி. ஸ்ரீராம் கேமரா. பதின்மூன்றாம் மாடியில் புது வீட்டுக்குக் குடிவருகிறது ஒரு கூட்டுக்குடும்பம். மதியம் ஒரு மணிக்கு டி.வி.யில் ஒரு சீரியல். அதில் நடப்பதெல்லாம் இந்த வீட்டிலும் நடக்கிறது. அவ்வளவுதான். ரத்தமோ கொடூர முகமோ முன்னால் வந்து நிற்காது. டி.வி.யைப் பார்த்து பயப்படும் கதையை டி.வி.யிலேயே பார்ப்பதால், தியேட்டரைவிட வீட்டில்தான் இதற்கு வலு அதிகம் என்பது என் கட்சி. பாட்டுகளை வேண்டுமானால் தாண்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து அஸ்வின் சரவணன் எடுத்த 'மாயா' (2015). நயன்தாரா. ஒரு பகுதி கறுப்பு வெள்ளையில் போகும், அது ஏன் என்று புரியும் இடம் அருமை. மலையாளம் பரவாயில்லை என்றால் 'பூதகாலம்' (2022). அம்மாவாக ரேவதி, மகனாக ஷேன் நிகம். வீட்டில் பேய் இருக்கிறதா, இல்லை இருவருக்கும் மனசு சரியில்லையா என்று தெரியாமலே பாதிப் படம் போகிறது. தனியாகப் பார்க்க வேண்டாம், பயத்துக்காகச் சொல்லவில்லை, மனசு கனத்துவிடும்.

திருநெல்வேலி: சார், சந்திரமுகியா மணிச்சித்திரத்தாழா? வீட்டில் பெரிய சண்டை.

ஃபாசில் இயக்கிய மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்' (1993). யோசிக்கவே தேவையில்லை. தேசிய விருது வாங்கிய ஷோபனாவை விடுங்கள், அந்த வீடு மெதுமெதுவாக நமக்குப் பழகுவதுதான் அதன் பலம். அதே கதையைத் தமிழில் எடுத்த 'சந்திரமுகி' (2005) ரஜினி படம். சாந்தி தியேட்டரில் இரண்டு வருடத்துக்குமேல் ஓடிய படத்தைக் குறைசொல்ல நான் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும்போது பார்க்க 'சந்திரமுகி', ராத்திரிக்கு மற்றது. சண்டை தீர்ந்ததா?

பெயர் வேண்டாம் என்றவர்: எண்பதுகளின் த்ரில்லர்களை இப்போது பார்த்தால் சிரிப்பு வருகிறதே, எனக்கு மட்டும்தானா?

சிலதற்கு எனக்கும் வரும். மணிவண்ணனின் 'நூறாவது நாள்' (1984) எடுத்துக்கொள்ளுங்கள். நளினிக்கு நடக்கப்போகும் கொலைகள் கண்முன் தெரிகின்றன. மொட்டைத்தலையோடு சத்யராஜ் வருகிறார். சின்ன வயதில் அந்தத் தலையைப் பார்த்துப் போர்வைக்குள் போனவர்கள் எத்தனையோ பேர், இன்று நம் பிள்ளைகள் அதே காட்சியில் விழுந்து சிரிக்கிறார்கள். மூலம் லூசியோ ஃபுல்சி என்ற இத்தாலியர் 1977இல் எடுத்த படம். அதைத் தேடிப் பார்த்தால், மணிவண்ணன் கதையை நம் ஊர்க் குடும்பத்துக்குள் எவ்வளவு லாகவமாக உட்கார வைத்திருக்கிறார் என்று தெரியும்.

சிரிப்பு வராதது 'மூடுபனி' (1980). பாலு மகேந்திரா, பிரதாப் போத்தன், ஷோபா. இளையராஜாவுக்கு நூறாவது படம். 'என் இனிய பொன் நிலாவே' பாட்டைக் காதல் பாட்டாகவே இத்தனை வருடம் கேட்டுவிட்டு, படத்தில் அதைப் பாடுகிறவன் யார் என்று பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். 'சிவப்பு ரோஜாக்க'ளைவிட (1978) இதற்கே என் ஓட்டு.

'ஊமை விழிகள்' (1986) தனிக்கதை. திரைப்படக் கல்லூரியில் படித்த இளைஞர்கள் கூடி, ஆபாவாணன் தயாரிப்பில், அரவிந்தராஜ் இயக்கத்தில், சினிமாஸ்கோப் என்ற அகலத்திரையில் எடுத்தது. ஒரு காலத்தில் டி.வி.யில் போடும்போது அகலத்தை இரண்டு பக்கமும் வெட்டி எறிந்துவிடுவார்கள். ஓரத்தில் நிற்கும் ஆள் காணாமல் போவார், குரல் மட்டும் வரும். அகலம் வெட்டாத பிரதி கிடைத்தால் மட்டுமே பாருங்கள். மேலும் கீழும் பட்டை வந்தால் நல்ல பிரதி என்று அர்த்தம். இதில் வில்லனாக வரும் ரவிச்சந்திரன்தான் 'அதே கண்கள்' (1967) படத்தில் கொலைகாரனைத் தேடும் கலர் கலரான நாயகன். இரண்டையும் ஒரே வாரக்கடைசியில் பாருங்கள், நல்ல வேடிக்கை.

மதுரை, தாத்தா: ஆறு வயதுப் பேரன். பேய் வேண்டும், ஆனால் ராத்திரி என் பக்கத்தில் வந்து படுக்கக் கூடாது.

ஐயா, உங்களுக்காகவே எடுத்த படம் 'பட்டணத்தில் பூதம்' (1967). ஜாடிக்குள்ளிருந்து வெளிவரும் பூதமாக யார் தெரியுமா? 'அந்த நாள்' சி.ஐ.டி. அதிகாரி ஜாவர் சீதாராமனேதான். ஜீ பூம்பா என்று அவர் சொல்ல ஆரம்பித்தால் பேரன் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிவான்.

'மாயா பஜார்' (1957) கட்டாயம். ரங்கா ராவ் கடோத்கஜனாக உட்கார்ந்து கல்யாண சமையலை ஒருகை பார்க்கும் இடத்தில் சாப்பிடாத பிள்ளையும் சாப்பிடும். லட்டுகள் தாமாகவே வாய்க்குப் போவதைக் கம்ப்யூட்டர் இல்லாமல் செய்தவர் கேமராமேன் மார்கஸ் பார்ட்லி. தெலுங்குப் பிரதிக்கு 2010இல் கலர் பூசினார்கள். தமிழில் பழைய கறுப்பு வெள்ளையே போதும். பார்ட்லியின் நிலா வெளிச்சத்துக்குக் கலர் எதற்கு?

விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி' (1978) மட்டும் இன்னும் இரண்டு வருடம் போகட்டும். விறகுக்குப் பதில் காலை அடுப்பில் வைத்துச் சமைக்கும் பேயைப் பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கமே போகமாட்டான்.

சென்னை, கல்லூரி மாணவி: தமிழில் பழைய சயின்ஸ் ஃபிக்ஷன் உண்மையிலேயே இருக்கிறதா அண்ணா, இல்லை எல்லாம் 'எந்திர'னுக்கு அப்புறம்தானா?

1963இல் எம்.ஜி.ஆர். வேற்றுக்கிரகம் போய்வந்துவிட்டார் அம்மா. படம் 'கலை அரசி'. வேற்றுக்கிரகத்துக்காரர்களுக்கு விஞ்ஞானம் தெரியும், பாட்டும் நடனமும் தெரியாது. அதனால் கற்றுக்கொடுக்கச் சொல்லி பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வந்தவர்கள் பூமியைப் பிடிக்க வரவில்லை, பாட்டு வாத்தியார் தேடி வந்திருக்கிறார்கள்! செட் எல்லாம் அட்டைதான், ஆனால் இப்படி ஒரு யோசனை ஹாலிவுட்காரனுக்கு வருமா? அதற்கும் முன்னால், 1952இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து 'காடு' எடுத்தது. நம் யானைகளுக்கே முடி போர்த்தி, அழிந்துபோன மாமத் என்று நடக்கவிட்டார்கள். படமாகச் சுமார், யானைகளுக்காகப் பார்க்கலாம்.

புதியதில் 'இன்று நேற்று நாளை' (2015). கால இயந்திரம் கையில் கிடைத்தும் அதை வைத்துத் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் காசு பார்க்க நினைக்கும் இரண்டு பேர். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். 'மாநாடு' (2021) நீங்கள் எப்படியும் பார்த்திருப்பீர்கள். ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் கதையில், எஸ்.ஜே. சூர்யாவின் எரிச்சல் ஒவ்வொரு சுற்றிலும் கூடுவதுதான் படம். விண்வெளிக்குப் போகும் 'டிக் டிக் டிக்' (2018) எனக்கு ஒத்துவரவில்லை. அதை இயக்கிய சக்தி சௌந்தர் ராஜன் அதற்கு இரண்டு வருடம் முன்பு எடுத்த ஜாம்பி (நடமாடும் பிணங்கள்) படம் 'மிருதன்' பரவாயில்லை.

ஈரோடு: 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' போட்டேன். ஒரே இருட்டு, ஒன்றும் தெரியவில்லை. நல்ல படம் என்கிறார்களே?

நல்ல படம்தான். மிஷ்கின், 2013. பாட்டில்லை, இளையராஜாவின் பின்னணி மட்டும், பெரும்பகுதி ராத்திரி. ஜன்னல் வெளிச்சம் திரையில் விழும் பகல் நேரத்தில் போட்டால் உங்கள் முகம்தான் தெரியும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டி.வி.யைச் 'சினிமா' மோடுக்கு மாற்றுங்கள். அங்கேயே அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதையும் நிறுத்துங்கள். படம் எடுத்தது விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். நடுவில் டி.வி. தானாகக் கற்பனை செய்து சேர்க்கும் ஃபிரேம்களால்தான் நல்ல படம்கூட மெகா சீரியல் மாதிரித் தெரிகிறது.

தஞ்சாவூர்: என் மாமனாருக்குக் குதிரை, தொப்பி, துப்பாக்கி இருந்தால் போதும். தமிழில் ஏதாவது?

அவருக்கு எம். கர்ணன் பெயர் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். கேமராமேனாக இருந்து இயக்குநரானவர். ஜெய்சங்கரை வைத்து 'காலம் வெல்லும்' (1970), அப்புறம் 'கங்கா' (1972), 'ஜம்பு' (1980). 'ஜம்பு'வைப் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க முடியாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு என்றால் சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010). புதியது வேண்டுமென்றால் 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' (2023). ஹாலிவுட் குதிரை, துப்பாக்கிப் படங்களின் நாயகன் கிளிண்ட் ஈஸ்ட்வுட்டைக் கொண்டாடும் படம், மாமனாருக்குப் பிடிக்கும். கொஞ்சம் நீளம்தான். நடுவில் தூங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், யானை வரும்போது எழுப்பினால் போதும்.