நாய்கள்தானே இழுக்கின்றன, தோள் காயத்தோடு ஓட்டினால் என்ன?
பயிற்சியில் தோள் மூட்டு விலகிய நாய்வண்டிப் பந்தய வீரர் எதற்கு மாதக்கணக்கில் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இழுப்பது நாய்கள்தான், சரி. ஆனால் பனியில் வண்டி கவிழ்ந்தால் கைப்பிடியை விடாமல் தரையோடு இழுபட்டுப் போவது ஓட்டுபவர், விட்டால் நாய்கள் பாட்டுக்கு ஓடிவிடும், அந்த ஒரு வெட்டியிழுப்பு போதும் ஆறிவரும் மூட்டு மறுபடி விலக. அப்புறம், அலாஸ்காவின் இடிடராட் போல சுமார் 1,600 கிலோமீட்டர் பந்தயத்தில் ஒவ்வொரு நாய்க்கும் நாலு காலுறை, கடுங்குளிரில் குனிந்து ஒவ்வொன்றாகக் கையால் மாட்ட வேண்டும். தோள் ஆறும்வரை நாய்களைச் சும்மா விடவும் முடியாது, உதவியாளர் யாராவது ஓட்டிப் பழக்கட்டும். வலி போனதும் ஏறிவிடாமல், தோள் தசை வலுவான பிறகு முதலில் நாலைந்து நாய்களோடு ஓட்டிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.