மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் லெட்ரோசோல் சாப்பிடுகிறேன். காலையில் விரல்கள் மடங்காததால் பால் பாக்கெட்டைக்கூடப் பிரிக்க முடியவில்லை. இரவில் உடல் கொதிக்கிறது. நிறுத்திவிடலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அம்மா. மாதவிடாய் நின்ற பிறகும் உடலில் சிறிதளவு உண்டாகும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனை இம்மாத்திரை பெரிதும் குறைப்பதால்தான், அந்த ஹார்மோனால் வளரும் புற்றணுக்களுக்கு ஊட்டம் கிடைக்காமல் போகிறது. மூட்டு இறுக்கமும் உடற்சூடும் அதே காரணத்தால் வருபவையே. எழுந்ததும் வெதுவெதுப்பான நீரில் கைகளை அமிழ்த்தி, விரல்களை மெல்ல மடக்கி நீட்டுங்கள். நம் வேலூர் வெயில் ஏறுமுன் தினமும் நடந்தால் மூட்டுவலி குறையும். இரவில் பருத்தி ஆடை போதும். இம்மாத்திரையால் எலும்பும் மெலியக்கூடும் என்பதால், எலும்பு அடர்த்திப் பரிசோதனையை மறவாதீர்கள். வலி தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். வேறு மாத்திரைக்கு மாற்ற அவரால் இயலும்.