டிரம்பெட் ஊதியபின் காதில் ரீங்காரம்: வாசிப்பைக் குறைக்காமல் காதைக் காப்பது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 31. பன்னிரண்டு வருடங்களாக டிரம்பெட் வாசிக்கிறேன். தினமும் வீட்டில் ஒரு சின்ன அறையில் இரண்டு மணி நேரம் சாதகம், வாரத்தில் இரண்டு நாள் இசைக்குழுவோடு ஒத்திகை. சில மாதங்களாக, ஒத்திகை முடிந்து வந்தால் இரு காதிலும் ‘கொய்ங்’ என்று ஒரு சத்தம். மறுநாள் காலையில்தான் அடங்குகிறது. நுரை இயர்பிளக் போட்டுப் பார்த்தேன். என் வாத்தியம் மண்டைக்குள் இரைகிறது, பக்கத்தில் வாசிப்பவர் சரியாகக் கேட்கவே இல்லை. ஐந்து நிமிடத்தில் கழற்றிவிட்டேன். வாசிப்பைக் குறைப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் அந்த ரீங்காரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலையில் அடங்கிவிடுவதால் காது பழையபடி ஆகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்லியாவில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. பெருஞ்சத்தத்தில் இவை களைத்துப்போகும். ஓய்வு கிடைத்தால் தேறும். தேறாமல் இறந்தவை மறுபடி முளைப்பதில்லை. 2009-ல் குஜாவா, லிபர்மேன் என்ற இரு ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் இன்னொன்றையும் காட்டினார்கள். கேட்கும் திறன் சோதனையில் முழுக்கத் தேறிவிட்ட காதுகளிலும், மயிர்ச்செல்களை நரம்போடு சேர்க்கும் இணைப்புகள் சில இடங்களில் பாதி வரை அழிந்திருந்தன. அது எலிக்காதுதான். இருந்தாலும் அதைப் படித்த பிறகு, ‘காலையில் சரியாகிவிட்டது’ என்பதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் காது பல மாதங்களாக எச்சரித்துக்கொண்டே இருக்கிறது.

காதுக்குச் சேதம் சத்தத்தின் அளவால் மட்டும் வருவதில்லை, அது நீடிக்கும் நேரமும் சேர்ந்துதான் கணக்கு. தொழிலிடச் சத்தத்துக்கு அமெரிக்கத் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி நேரம், 91-ல் 2, 94-ல் ஒரே மணி நேரம், 100-க்குப் போனால் வெறும் 15 நிமிடம். உரக்க ஊதும்போது டிரம்பெட் வாசிப்பவரின் காதருகே 90 டெசிபலைத் தாண்டுவது சர்வசாதாரணம். உங்கள் சாதகம் சராசரியாக 94 என்று வைத்துக்கொண்டால், வீட்டிலேயே தினமும் அந்த வரம்பைப் போல் இரண்டு மடங்கு வாங்கிக்கொள்கிறீர்கள். அப்புறம் ஒத்திகை வேறு.

இதே கணக்கு உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். வெறும் 9 டெசிபல் குறைத்தால் 94 என்பது 85 ஆகிறது; ஒரு மணி நேர அனுமதி எட்டு மணி நேரமாகிறது. காதை இறுக அடைத்து உலகத்தையே மௌனமாக்க வேண்டியதில்லை. கொஞ்சம் குறைத்தால் போதும்.

சரி, அந்த இயர்பிளக் ஏன் அப்படிப் படுத்தியது? இரு காதையும் விரலால் லேசாக மூடிக்கொண்டு ‘ஊ’ என்று சொல்லிப் பாருங்கள். குரல் மண்டைக்குள் முழங்கும். உதடும் பல்லும் தாடையும் அதிரும்போது, அந்த அதிர்வு காதுக்குழாயின் வெளிப்பகுதிச் சுவரையும் அதிரவைக்கிறது. திறந்த காதில் அந்த ஒலி வெளியே போய்விடும். வாயிலில் அடைத்துவிட்டால் போக வழியில்லை. அதனால் கீழ்ச்சுருதி ஒலிகள் 20 டெசிபல் வரைகூட ஏறித் தெரியும். வயலின்காரருக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. வாத்தியத்தை வாயில் வைத்து ஊதுபவர்களுக்குத்தான் பெரும் தொல்லை. மேற்பல்லை மவுத்பீஸில் ஊன்றி வாசிக்கும் கிளாரினெட், சாக்ஸபோன்காரர்கள் உங்களைவிடவும் அவதிப்படுவார்கள். நுரை இயர்பிளக்கின் இன்னொரு குறை, மேல்சுருதி ஒலிகளை அதிகமாகவும் கீழ்ச்சுருதியைக் குறைவாகவும் விழுங்குவது. பக்கத்துக்காரரின் வாசிப்பில் தெளிவைத் தரும் பகுதியே போய்விடுகிறது. ஆகவே தவறு உங்கள் காதிலும் இல்லை, பொறுமையிலும் இல்லை.

உங்களுக்கு வேண்டியது இசைக்கலைஞர்களுக்கென்றே செய்யப்படும், ஃபில்டர் வைத்த இயர்பிளக். அது எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். வால்யூமைத் திருப்பிக் குறைத்தது போல இருக்கும், போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல இருக்காது. பொதுவாக 9, 15, 25 டெசிபல் என்ற ஃபில்டர்கள் வருகின்றன. ஊதுபவர்களுக்கு 9-ல் தொடங்கச் சொல்வேன். டிரம்ஸுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டிய நாளுக்கு 15. முடிந்தால் உங்கள் காதை அச்செடுத்துச் செய்துகொள்ளுங்கள். அப்போது இரண்டு விஷயங்களை விடாமல் கேளுங்கள். ஒன்று, அச்சு ஆழமாக, காதுக்குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி இருக்க வேண்டும். குழாயின் உட்பகுதி எலும்பு. அங்கே அடைத்தால் அந்த மண்டை முழக்கம் நன்றாகக் குறையும். இரண்டாவது, தாடை அசையும்போது குழாயின் வடிவமும் மாறும் என்பதால், வாசிக்கும் வாய்நிலையில் அச்செடுக்க வேண்டும். உங்கள் மவுத்பீஸையே கையோடு கொண்டுபோங்கள். வாயை மூடி எடுத்த அச்சு, நீங்கள் ஊத ஆரம்பித்ததும் கசியும்.

வந்தவுடன் மேடையில் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். வீட்டில் தினமும் பத்து நிமிடம், நீண்ட சுரங்களும் எளிய வரிசைகளுமாக ஆரம்பித்து, சில வாரங்களில் நேரத்தைக் கூட்டுங்கள். இந்த நாட்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒலி குறைந்து கேட்பதால் சிலர் தங்களை அறியாமலே பலமாக ஊதி உதட்டை நோகடித்துக்கொள்கிறார்கள்; முழக்கத்துக்குப் பயந்து அளவுக்கு மீறி அடக்கி வாசிப்பவர்களும் உண்டு. வாசித்ததைப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். காதில் பஞ்சு வைப்பது பலரின் பழக்கம். அதனால் குறைவது மிகச் சொற்பம், நம்ப வேண்டாம்.

அந்தச் சின்ன அறையையும் கொஞ்சம் கவனியுங்கள். வெறும் சுவர்கள் உங்கள் ஒலியை உங்களிடமே திருப்பி எறிகின்றன. கனமான திரை, தரைவிரிப்பு, புத்தகம் நிறைந்த அலமாரி எல்லாம் உதவும். வாத்தியத்தின் வாயை அருகிலுள்ள சுவருக்கு நேரே வைக்காதீர்கள். வாத்தியத்தின் வாயில் செருகும், சாதகத்துக்கான ஒலியடக்கியான மியூட் போட்டால் ஒலி நன்றாகவே குறையும். ஆனால் ஊதும்போது எதிரழுத்தம் கூடும், சுருதியும் சற்று விலகும். எனவே விரல் பயிற்சிக்கும் மனப்பாடத்துக்கும் மியூட், நாதத்துக்கு அது இல்லாமல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தை ஒரே மூச்சில் வாசிக்காமல் நடுவில் நிறுத்துங்கள். அந்த இடைவேளையில் ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டுக் கேட்டால் அது ஓய்வு ஆகாது.

ஒத்திகையில் உங்கள் காதைப் போலவே முன்வரிசைக்காரர் காதும் முக்கியம். லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் வியோலா வாசித்த கிறிஸ் கோல்ட்ஷைடர், 2012-ல் வாக்னர் என்ற இசையமைப்பாளரின் ஓபரா ஒத்திகை ஒன்றில் பித்தளை வாத்தியங்களுக்கு நேர் முன்னால் உட்கார்ந்ததால் கேட்கும் திறனில் நிரந்தரப் பாதிப்பு அடைந்தார். 2018-ல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஊதும் வரிசையை மேடையிட்டு உயர்த்தினால் ஒலி முன்னாலிருப்பவர்களின் தலைக்கு மேல் போகும். ஒரு வரிசை இடைவெளி விட்டால் இன்னும் நல்லது. இதைக் குழுத்தலைவரிடம் கேட்கத் தயங்காதீர்கள். ஒத்திகை முழுவதும் உச்ச ஒலியில் வாசிக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இருப்பதில்லை.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒரு முறை ஆடியோமெட்ரி என்ற கேட்கும் திறன் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். வாசிக்காத ஒரு நாளுக்கு அடுத்த காலையில் போங்கள். களைத்த காதோடு போனால் முடிவு குழப்பும். 3000, 4000, 6000, 8000 ஹெர்ட்ஸ் எல்லாவற்றையும் அளக்கச் சொல்லுங்கள். சத்தத்தால் வரும் இழப்பு பெரும்பாலும் 4000-ஐ ஒட்டித்தான் முதலில் பள்ளமாகத் தெரியும், அப்போது அன்றாடப் பேச்சில் வித்தியாசமே தெரியாது. தாளைப் பத்திரமாக வையுங்கள், வருடாவருடம் ஒப்பிட அது வேண்டும்.

ரீங்காரம் ஒரு நாளைத் தாண்டி நீடித்தாலோ, ஒரே சுரம் இரு காதிலும் வேறு வேறு சுருதியில் கேட்டாலோ, சாதாரணச் சத்தமே வலித்தாலோ, வாசிப்பை நிறுத்திவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால் அது அவசரம். சிகிச்சை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் அதிகப் பலன் தரும். அழுக்கு அடைத்திருக்கும் என்று நீங்களாகவே குடைந்துகொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.