தராசு பொய் சொல்லுமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: வேதிவினையில் நிறை அழியாது என்று பாடத்தில் படித்தோம். செய்து பார்க்கலாமே என்று பாட்டிலில் 60 மில்லி வினிகர் ஊற்றி, பலூனுக்குள் 4 கிராம் சமையல் சோடா போட்டு, பலூனை பாட்டில் வாயில் இறுக்கிக் கட்டி எடை பார்த்தேன். சோடாவை உள்ளே கொட்டியதும் பலூன் நன்றாக உப்பியது. ஆனால் தராசு ஒரு கிராமுக்கு மேல் குறைத்துக் காட்டுகிறது! கசிவு எதுவும் இல்லை. அந்த ஒரு கிராம் எங்கே போனது? (எட்டாம் வகுப்பு மாணவி)

பதில்: எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது. முதலில் உனக்கு ஒரு சபாஷ், ஏனென்றால் இதைச் செய்கிற பல பேர் "கசிந்திருக்கும்" என்று முடிவு கட்டி, நோட்டில் மட்டும் இரண்டு பக்கமும் சமம் என்று எழுதிவிடுவார்கள்.

விஷயம் இதுதான்: தராசு நிறையை அளப்பதே இல்லை. தன் தட்டை எவ்வளவு விசை அழுத்துகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், அதைக் கிராமாக மாற்றி நமக்குக் காட்டுகிறது. பாட்டிலைப் பூமி கீழே இழுக்கிறது, சரி. சுற்றியிருக்கிற காற்றும் சும்மா இருப்பதில்லை, தண்ணீருக்குள் அமுக்கிய பந்தைத் தண்ணீர் மேலே தள்ளுகிற மாதிரி காற்றும் பொருள்களை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒரு லிட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிராம். பலூன் ஒரு லிட்டர் உப்பினால் அந்த இடத்தில் இருந்த ஒரு லிட்டர் காற்றை ஒதுக்கிவிட்டது என்று அர்த்தம். ஒதுக்கிய காற்றின் எடை எவ்வளவோ அவ்வளவு விசை பலூனை மேலே தூக்கும், தராசும் 1.2 கிராம் குறைவாகக் காட்டும். 4 கிராம் சோடாவிலிருந்து ஏறத்தாழ 2 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும், அது ஒரு லிட்டரைச் சற்றுத் தாண்டும், அதில் கொஞ்சம் வினிகரிலேயே கரைந்து நின்றுவிடும். உன் கணக்கு அப்படியே பொருந்துகிறது பார்.

உப்பாத பாத்திரத்தில் செய்தால் இந்தக் குழப்பம் வராது. கெட்டியான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் குளிர்பான பாட்டிலில், மூடியை இறுக்கி, அரை கிராம் சமையல் சோடா மட்டும் போட்டுப் பார். அதற்கு மேல் போடாதே, அழுத்தம் ஏறும். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மெழுகுவர்த்தி எரிந்து ஒன்றுமில்லாமல் போகிறதே, அங்கே நிறை அழியவில்லையா?

பதில்: இல்லை. மெழுகு காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் போய்விட்டது, இரண்டும் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். 14 கிராம் மெழுகு முழுதாக எரிய ஏறக்குறைய 48 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அப்படியென்றால் வெளியே போனது 62 கிராம், மெழுகைப் போல நான்கு மடங்குக்கும் மேல்!

கேள்வி: நிறை அழியாது என்ற இந்த விதியைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேதானா?

பதில்: அவர் ஒருவர்தான் என்று சொல்ல முடியாது, ரஷ்யாவில் லோமோனோசோவ் 1756-லேயே மூடிய கலனில் உலோகத்தைச் சூடாக்கி எடை பார்த்திருக்கிறார். எனக்குப் பிடித்த கதை அதற்கும் முந்தையது. இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் மூடிய கண்ணாடிக் கலனில் வெள்ளீயத்தைச் சூடாக்கினார். கலனைத் திறந்தபோது காற்று "உஸ்" என்று உள்ளே பாய்ந்தது, அப்புறம்தான் எடை போட்டார். எடை கூடியிருந்ததைப் பார்த்து, தீயின் துகள்கள் கண்ணாடி வழியாகப் புகுந்துவிட்டன என்று நினைத்தார். 1774-ல் லவாய்சியே அதே சோதனையைச் செய்தார், ஆனால் திறப்பதற்கு முன்பே எடை போட்டார். மாற்றமே இல்லை. திறந்து காற்று உள்ளே போன பிறகுதான் எடை கூடியது, ஆக உலோகத்தோடு சேர்ந்தது தீ அல்ல, காற்று. மூடியைத் திறக்கும் முன்பா, பின்பா என்பதில்தான் இத்தனையும் இருந்தது. 1789-ல் வந்த தன் வேதியியல் நூலில் இந்த விதியைத் தெளிவாக எழுதினார், 1794-ல் பிரெஞ்சுப் புரட்சி அவர் தலையை வாங்கிவிட்டது.

கேள்வி: ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்றால் இரண்டும் கழிந்து பூஜ்யமாகிவிடுமே, அப்புறம் எப்படி எதுவும் நகர்கிறது?

பதில்: ஒரே பொருளின் மேல் செயல்படும் விசைகளைத்தான் கூட்டவோ கழிக்கவோ முடியும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சுவரைத் தள்ளிப் பாருங்கள். உங்கள் விசை சுவர் மேல், சுவரின் விசை உங்கள் மேல், உங்களை நகர்த்துவது இரண்டாவது மட்டும். ராக்கெட்டும் அப்படித்தான். எரிபொருள் எரிந்து உண்டாகும் வாயுவை ராக்கெட் கீழே தள்ளுகிறது, வாயு ராக்கெட்டை மேலே தள்ளுகிறது. தரையையோ காற்றையோ உதைத்து அது கிளம்புவதில்லை, அதனால்தான் காற்றே இல்லாத விண்வெளியிலும் ஓடுகிறது.

கேள்வி: சர்க்கரை தண்ணீரில் கரைவது வேதிவினையா?

பதில்: இல்லை, சர்க்கரை மூலக்கூறு அப்படியே இருக்கிறது. "திரும்ப எடுக்க முடிந்தால் அது வேதிவினை இல்லை" என்று மனப்பாடம் செய்யாதீர்கள், திரும்பக்கூடிய வேதிவினைகளும் நிறைய உண்டு. புதுப் பொருள் உண்டானதா என்று மட்டும் பாருங்கள். அதே சர்க்கரையைக் கரண்டியில் வைத்துக் கருக்கினால் உண்டாகும், வீட்டில் திட்டும் விழும்.